பாரசீகமும் தாரியும்: யார் பங்காளி, யார் பக்கத்து வீடு?

ஈரானில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் 'அரபு' என்று சொல்லிவிடுவார்கள். எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆப்கானிஸ்தான் என்றால் பஷ்தூ என்பார்கள். அது பாதிதான் சரி. காபூலின் கடைகளிலும் அலுவலகங்களிலும் அதிகம் காதில் விழுவது தாரி. இந்தத் தாரிக்கும் ஈரானின் பாரசீகத்துக்கும் என்ன உறவு? சுற்றியிருக்கும் அரபு, பஷ்தூ, குர்து, பலூச்சி, துருக்கி, உருது மொழிகளோடு இவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன? மொழியியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இரண்டு மொழிகளுக்கு இடையே ஒற்றுமை இரண்டு வழியில் வரும். ஒரே மூதாதை மொழியிலிருந்து பிரிந்து வந்திருந்தால் அது பிறப்பு வழி உறவு. நூற்றாண்டுக்கணக்கில் அருகருகே இருந்து சொற்களைக் கொடுத்து வாங்கியிருந்தால் அது பழக்கத்தால் வந்தது. முன்னவர் பங்காளி, பின்னவர் பக்கத்து வீட்டுக்காரர். தினமும் புழங்குவது பக்கத்து வீட்டோடுதான், ஆனால் சொத்துத் தகராறு என்று வந்தால் பங்காளிதான் நிற்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு யார் எவர் என்று சட்டென்று தெரியாது. மொழியிலும் அதே குழப்பம்தான். எழுத்தும் கலாசாரச் சொற்களும் எளிதாகக் கைமாறிவிடும். எண்ணுப்பெயர், உறவுமுறை, உடல் உறுப்பு, தண்ணீர் போன்ற அன்றாடச் சொற்களும், வாக்கியம் கட்டும் முறையும் அவ்வளவு எளிதில் கைமாறுவதில்லை. அதனால் அங்கேதான் தேட வேண்டும்.

சரி, பெயர்களைப் பார்த்துவிடுவோம். பார்சி, ஃபார்சி, பாரசீகம் எல்லாம் ஒன்றே. அரபியில் 'ப' ஒலி கிடையாது என்பதால் 'பார்சி' அவர்கள் வாயில் 'ஃபார்சி' ஆனது. அதையே ஈரானியர்களும் எடுத்துக்கொண்டார்கள். இன்று இந்த மொழிக்கு மூன்று நாடுகளில் மூன்று அரசுப் பெயர்கள். ஈரானில் ஃபார்சி, ஆப்கானிஸ்தானில் தாரி, தஜிகிஸ்தானில் தஜிக். ஆப்கானிஸ்தானில் 'தாரி' என்பது அதிகாரப்பூர்வப் பெயரானது 1964 அரசியல் சாசனத்தில். பெயர் அதற்கு முன்பே இருந்ததுதான். 'தர்பார்' என்ற சொல்லில் வரும் அதே 'தர்' இதிலும் இருக்கிறது, அரசவை மொழி என்று பொருள் என்பது பொதுவான விளக்கம். ஆனால் சாதாரண காபூல்வாசி பல காலம் தன் மொழியை ஃபார்சி என்றுதான் சொல்லிவந்தார், இன்றும் பலர் அப்படியே சொல்கிறார்கள். (ஈரானின் யஸ்த், கெர்மான் நகரங்களில் ஜொராஸ்டிரியர்கள் பேசும் ஒரு மொழிக்கும் தாரி என்றே பெயர். அது முற்றிலும் வேறு மொழி. தேடும்போது குழம்பிவிட வேண்டாம்.)

என் கணிப்பில், இந்த மூன்றும் ஒரே மொழிதான். எழுத்துநடையை எடுத்துக்கொண்டால் டெஹ்ரான் பேராசிரியரின் கட்டுரையைக் காபூல் மாணவர் அப்படியே படித்துப் புரிந்துகொள்வார். 1010 வாக்கில் 'ஷாநாமா' என்ற பாரசீகக் காப்பியத்தை முடித்த ஃபிர்தவுசி இன்றைய ஈரானின் தூஸ் நகரத்துக்காரர். அவருக்கு முன்னோடியான ருதாகி இன்றைய தஜிகிஸ்தானில் பிறந்தவர். ரூமியை ஆப்கானியர்கள் 'பல்கி' என்பார்கள், பல்க் நகரம் தங்களுடையது என்பதால். ஈரானியர்களுக்கு அவர் 'மவ்லவி'. மூன்று நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் இவர்களைத் தங்கள் கவிஞர்களாகவே படிக்கிறார்கள், உரை எதுவும் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

பேச்சுமொழி வேறு கதை. காபூல் பேச்சையும் டெஹ்ரான் பேச்சையும் பிரிக்க எளிய வழி உயிரொலிகள். பழைய பாரசீகத்தில் நெடில் ஈகாரமும் நெடில் ஏகாரமும் தனித்தனி. காபூலில் இன்றும் தனித்தனிதான்: 'ஷீர்' என்றால் பால், 'ஷேர்' என்றால் சிங்கம். டெஹ்ரானில் ஏகாரம் ஈகாரத்தோடு கலந்துவிட்டது. பாலும் ஷீர், சிங்கமும் ஷீர். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே, இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் ஷேர்ஷா ஈரானியர் வாயில் 'ஷீர்ஷா' ஆகிவிடுவார். ஆக, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பாரசீகம் பழைய ஒலியோடு வந்து, அப்படியே தங்கியிருக்கிறது. காபூலும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மாறியது டெஹ்ரான்தான். டெஹ்ரான் பேச்சுதான் 'ஒழுங்கானது', தாரி அதன் சிதைந்த வடிவம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இன்னும் சில வேறுபாடுகள் உண்டு. வீடு காபூலில் 'கானா', டெஹ்ரானில் ஏட்டுப்படி 'கானெ', பேச்சில் 'கூனெ'. ரொட்டி காபூலில் 'நான்', டெஹ்ரான் பேச்சில் 'நூன்'. 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு டெஹ்ரானில் 'தாரம் மீரம்' என்று 'வைத்திருக்கிறேன்' என்ற வினையைத் துணைக்கு வைத்துச் சொல்வார்கள். காபூல் பேச்சில் இது வழக்கமில்லை.

சொற்களில் அரசியலும் வரலாறும் புகுந்திருக்கின்றன. ஈரான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தது, அதனால் நன்றி சொல்ல 'மெர்சி' என்பது டெஹ்ரானில் சகஜம். உருளைக்கிழங்கு அங்கே 'சீப் ஸமீனி', அதாவது நில ஆப்பிள், பிரெஞ்சுச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. காபூல் இந்தியாவின் பக்கம் இருந்தது. உருளைக்கிழங்கு அங்கே 'கச்சாலு', கார் 'மோட்டர்'. மருத்துவமனை டெஹ்ரானில் 'பீமாரெஸ்தான்', காபூலில் 'ஷஃபாகானா'. பல்கலைக்கழகம்தான் பெரிய வம்பு. ஈரானில் 'தானெஷ்காஹ்'. ஆப்கானிஸ்தானில் அரசுச் சொல் 'போஹந்தூன்', இது பஷ்தூவிலிருந்து வந்தது. எந்தச் சொல்லை எழுதுகிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் எந்தப் பக்கம் என்று முடிவு கட்டுகிறவர்கள் அங்கே உண்டு.

மாதப் பெயர்களும் அப்படித்தான். இரு நாடுகளும் ஒரே சூரிய நாட்காட்டியைப் பின்பற்றிவந்தாலும், ஈரானில் பழைய பாரசீகப் பெயர்கள், ஆப்கானிஸ்தானில் அரபு ராசிப் பெயர்கள். மேஷத்துக்கு 'ஹமல்', ரிஷபத்துக்கு 'சவுர்' என்று போகும். 1978 ஏப்ரலில் காபூலில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததை 'சவுர் புரட்சி' என்பது இதனால்தான். ஈரானியர் அதே மாதத்தை 'ஒர்திபெஹெஷ்த்' என்பார்.

தஜிக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சோவியத் காலத்தில் அரபு எழுத்திலிருந்து லத்தீனுக்கும், பிறகு சிரில்லிக் எழுத்துக்கும் மாற்றப்பட்டது. ரஷ்யச் சொற்கள் நிறைய ஏறின. நடுவில் ஓடும் நதியின் இக்கரையில் தாரி, அக்கரையில் தஜிக். பேசினால் புரியும், எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது.

அப்புறம் பங்காளிகள். பாரசீகம், குர்து, பலூச்சி, பஷ்தூ எல்லாம் ஈரானிய மொழிக் கிளையைச் சேர்ந்தவை. அந்தக் கிளை சமஸ்கிருதத்துக்கு நெருங்கிய சொந்தம், இன்னும் தூரத்தில் கிரேக்கம், லத்தீன், ஆங்கிலத்துக்கும் சொந்தம். சமஸ்கிருதச் சொற்கள் நம் காதில் விழுந்து பழகியவை என்பதால் தமிழ் வாசகருக்கு இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். சப்த, அஷ்ட, தச என்ற எண்களைப் பாரசீகத்தின் 'ஹஃப்த், ஹஷ்த், தஹ்' என்பவற்றோடு வைத்துப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ஸ' ஈரானியத்தில் 'ஹ' ஆவது ஒரு ஒழுங்கான மாற்றம். 'சிந்து' 'ஹிந்து' ஆனதும் இதே கணக்கில்தான். வாரத்துக்கு 'ஹஃப்தா' என்று இந்தியில் சொல்வதும் இந்த ஏழிலிருந்து வந்ததே.

இப்படி ஒழுங்கான ஒலிமாற்றம் இருந்தால் அது பிறப்பு வழி உறவு என்று நம்பலாம். தண்ணீர் பாரசீகத்தில் 'ஆப்' (கடைசி ஒலி 'பாட்டி'யின் ப அல்ல, 'பலூன்' என்பதில் வரும் மெல்லிய ப), பலூச்சியில் 'ஆப்' (இது அழுத்தமான ப), குர்தில் 'ஆவ்', பஷ்தூவில் 'ஓப'. ஐந்து நதி ஓடும் 'பஞ்ச்-ஆப்' நமக்குத் தெரிந்ததே. அதே தண்ணீருக்கு அரபியில் 'மா', துருக்கியில் 'சு'. சம்பந்தமே இல்லை பாருங்கள்.

குர்துக்கு ஒரு நல்ல உதாரணம் 2022-இல் உலகம் முழுக்கக் கேட்ட முழக்கம். ஈரானின் குர்துப் பகுதியைச் சேர்ந்த மஹ்சா அமினி காவலில் இருந்தபோது உயிரிழந்ததைத் தொடர்ந்து எழுந்த போராட்டத்தில் 'ஜின், ஜியான், ஆஸாதி' என்று குர்தில் முழங்கினார்கள். பெண், வாழ்க்கை, விடுதலை. அது டெஹ்ரானுக்குப் போனதும் 'ஸன், ஸெந்தெகீ, ஆஸாதி' ஆயிற்று. மூன்றாவது சொல் இரண்டிலும் ஒன்றே. முதல் இரண்டில் குர்தின் 'ஜ' போன்ற ஒலிக்குப் பாரசீகத்தில் 'ஸ' (ஆங்கில 'இசட்' ஒலி) வருகிறது. பார்த்தாலே உறவு தெரிகிறது. ஆனாலும் குர்து பேசுகிறவர் வேகமாகப் பேசினால் டெஹ்ரான்காரருக்குப் பிடிபடாது. குர்து என்பதே ஒரு மொழியா பல மொழிகளா என்ற விவாதம் தனியாக இருக்கிறது. துருக்கிப் பக்கத்துக் குர்மாஞ்சியும், ஈராக்-ஈரான் பக்கத்து சொரானியும் எழுத்திலும் இலக்கணத்திலும் நன்றாகவே வேறுபடும்.

பஷ்தூதான் சுவாரசியமான பங்காளி. தாரியோடு ஒரே நாட்டில், ஒரே தெருவில் புழங்குகிறது. இரண்டுமே ஆட்சிமொழிகளாக இருந்துவந்தவை. இரண்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான பொதுச் சொற்கள். ஆனால் பாரசீகம் மேற்கு ஈரானியம், பஷ்தூ கிழக்கு ஈரானியம். பிரிந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஒலிமாற்றத்தைப் பாருங்கள்: பாரசீகத்தில் பத்து 'தஹ்', பஷ்தூவில் 'லஸ்'. கை 'தஸ்த்', பஷ்தூவில் 'லாஸ்'. மகள் 'துக்தர்', பஷ்தூவில் 'லூர்'. பழைய 'த' (மெல்லோசை) பஷ்தூவில் 'ல' ஆகிவிட்டிருக்கிறது. தற்செயலாக ஒரு சொல்லில் நடந்தது அல்ல, வரிசையாக நடந்தது.

இலக்கணத்தில் தூரம் இன்னும் அதிகம். பாரசீகத்தில் பால் பாகுபாடே இல்லை. 'ஊ' என்றால் அவன், அவள் இரண்டும்தான். ஒரு காதல் கவிதையில் பேசப்படுவது ஆணா பெண்ணா என்று வாசகர் மண்டையைக் குடைந்துகொள்ள இது நல்ல வசதி. பஷ்தூவிலோ கல், மரம், ஆப்பிள் எல்லாவற்றுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. 'நான் ஆப்பிள் சாப்பிட்டேன்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பாரசீகத்தில் 'மன் சீப் கோர்தம்'. தமிழின் வரிசையேதான், வினையின் கடைசியில் 'ஏன்' போல ஒரு 'அம்'. வினை 'நான்' சொன்னபடி கேட்கிறது. பஷ்தூவில் இதையே 'மா மணா வுக்வடா' என்பார்கள். இங்கே வினை ஆப்பிள் சொன்னபடி கேட்கிறது. ஆப்பிள் பெண்பால் என்பதால் வினையும் பெண்பால். 'என்னால் ஆப்பிள் உண்ணப்பட்டாள்' என்கிற மாதிரி. இந்தியில் 'மைனே ரோட்டி காயீ' என்று வருவது இதே ஏற்பாடுதான். இந்தி படித்தவர்கள் 'நே' உருபிடம் பட்ட பாடு நினைவிருக்கும். பாரசீகத்தின் நடுக்கால வடிவத்திலும் இது இருந்தது, பிறகு கழன்றுவிட்டது. குர்மாஞ்சியிலும் இருக்கிறது.

'மணா' என்பதில் இன்னொன்றைக் கவனித்தீர்களா? அந்த 'ண' நம் ணகரமேதான். பஷ்தூவில் ட, ண போன்ற நாமடி ஒலிகள் உண்டு. பாரசீகத்திலும் தாரியிலும் கிடையாது. இந்திய மொழிகளின் அருகே வாழ்ந்ததால் வந்து சேர்ந்தவை அவை. ஒரு தமிழருக்கு 'மணா' சுலபமாக வரும், டெஹ்ரான்காரர் திணறுவார்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வருவோம். முதலில் அரபு. பாரசீகம் அரபியிடமிருந்து எழுத்தை வாங்கி, தனக்கு வேண்டிய ப, ச, ஜ, க வகை ஒலிகளுக்காக நான்கு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. மொத்தம் 32. ஏழாம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசு அரபுகளிடம் வீழ்ந்த பிறகு அரபுச் சொற்கள் வெள்ளமாக வந்தன. இன்றும் ஒரு பாரசீகப் பத்தியில் அவை நிறைய இருக்கும். ஆனால் வந்த சொற்களைப் பாரசீகம் தன் வழிக்குக் கொண்டுவந்துவிட்டது. அரபியில் மூன்று வெவ்வேறு 'ஸ' ஒலிகளுக்கு மூன்று எழுத்து. பாரசீகம் மூன்றையும் எழுதுகிறது, ஒன்றாகவே உச்சரிக்கிறது. அரபியின் சிறப்பு மூன்று மெய்யெழுத்து வேர்: க-த-ப என்ற வேரிலிருந்து கிதாப், காதிப், மக்தப் என்று சொற்கள் உள்ளிருந்து மாறி மாறிப் பிறக்கும். பாரசீகம் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டதே தவிர, அந்தப் பொறியை எடுத்துக்கொள்ளவில்லை. வினை வேண்டுமென்றால் அரபுப் பெயர்ச்சொல்லோடு 'கர்தன்' (செய்தல்) சேர்த்துவிடும். சிந்திக்க 'ஃபிக்ர் கர்தன்', பொறுக்க 'ஸப்ர் கர்தன்'. நாம் 'ட்ரை பண்ணு', 'வசூல் பண்ணு' என்று சொல்கிறோமே, அதே உத்தி.

துருக்கிய மொழிகளும் அப்படித்தான், வேறு குடும்பம். இதில் நமக்கு ஒரு வேடிக்கை உண்டு. துருக்கியில் 'எவ்' வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெரிம்தே' என் வீடுகளில். ஒட்டு மேல் ஒட்டாகக் கோத்துக்கொண்டே போகும் இந்த அமைப்பு தமிழருக்கு உடனே பிடிபடும். பாரசீகம் 'வீட்டில்' என்பதை 'தர் கானா' என்று முன்னே ஒரு சொல் வைத்துச் சொல்லும். 'என் புத்தகம்' அங்கே 'கிதாப்-ஏ-மன்', தலைகீழ். பாரசீகத்தின் செல்வாக்கில் வளர்ந்த உஸ்பெக், துருக்கிய மொழிகளுக்கே உரிய உயிரொலி இசைவைப் பெருமளவு இழந்துவிட்டது. 1499-இல் ஹெராத்தில் கவிஞர் அலிஷேர் நவாயி, துருக்கி மொழி பாரசீகத்தைவிட உயர்ந்தது என்று வாதாடி ஒரு சிறு நூலே எழுதினார். பாரசீகத்தில் ஒரே சொல்லில் ஈடு இல்லாத துருக்கி வினைகள் என்று நூறு வினைகளைப் பட்டியல் போட்டார். அழுகையின் வகைகளுக்கே அதில் தனித்தனிச் சொற்கள். அவரே பாரசீகத்திலும் கவிதை எழுதியவர். அண்டை மொழிகளை ஒப்பிட்டுச் சண்டை போடுவது புதிதல்ல.

உருது பாதி ஏமாற்றும். 1954-இல் ஏற்கப்பட்ட பாகிஸ்தான் தேசிய கீதத்தில் 'கா' என்ற ஒரு சிறு உருபு தவிர மற்றதெல்லாம் பாரசீகத்திலும் வழங்கும் சொற்களே. ஈரானியர் கேட்டால் கிட்டத்தட்ட முழுதும் புரியும். அதே ஈரானியர் லாகூர் சந்தையில் காய்கறி வாங்கப் போனால் பேந்தப் பேந்த விழிப்பார். உருதுவின் வினைகளும் உருபுகளும் இந்தியுடையவை. மேலே போர்த்தியிருப்பது மட்டும் பாரசீகம். அந்தப் போர்வையின் ஓரம் நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. சென்னையில் பெயர் சொன்னாலே தெரியும் 'காயிதே மில்லத்' என்பதில் காயித், மில்லத் இரண்டும் அரபுச் சொற்கள், நடுவில் இருக்கும் அந்த 'ஏ' பாரசீக இணைப்பு. 'கிதாப்-ஏ-மன்' என்பதில் பார்த்த அதே 'ஏ'. ஆற்காட்டு நவாபுகள் காலத்து நிர்வாகம் வழியாகவும் உருது வழியாகவும் தமிழுக்குள் வந்த சிபாரிசு, பந்தோபஸ்து, குமாஸ்தா, ஜமீன்தார், சிப்பாய், கம்மி, குஷி எல்லாம் பாரசீகச் சரக்குதான். அதற்காகத் தமிழும் பாரசீகமும் உறவு என்று யாரும் சொல்வதில்லை.

பலூச்சிஸ்தானில் நமக்கே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலாத் பகுதியை மையமாகக் கொண்ட பிராகுயி திராவிட மொழி. ஆப்கானிஸ்தானின் தெற்கிலும் கொஞ்சம் பேசப்படுகிறது. பலூச்சி, பாரசீகச் சொற்கள் அதில் அவ்வளவு நிறைந்திருப்பதால் கேட்பவருக்கு ஈரானிய மொழி போலவே இருக்கும். எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்: 'அசிட், இராட், முசிட்' என்று தொடங்கும். இரண்டும் மூன்றும் நம் வீட்டுச் சொற்கள். நான்கிலிருந்து 'சார், பஞ்ச்' என்று அண்டை மொழிகளிடம் கடன். கண்ணுக்கு 'கன்', கல்லுக்கு 'கல்' (இரண்டிலும் க தொண்டையிலிருந்து உரசி வரும்), பாலுக்கு 'பால்'. மேலே சொன்ன சோதனை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடப்புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் டெஹ்ரான் வழக்கில்தான் கிடைக்கும். அதில் தொடங்கினால் தப்பில்லை, எழுத்துநடை எல்லா இடத்துக்கும் பொது. ஈரானியத் தொலைக்காட்சியும் பாட்டும் கேட்டுப் பழகிய ஆப்கானியர்கள் டெஹ்ரான் பேச்சை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். ஈரானியர்களுக்குக் காபூல் பேச்சு முதலில் கொஞ்சம் இடிக்கும். ஏற்கனவே உருது அல்லது இந்தி தெரிந்தவராக இருந்தால் காபூல் உச்சரிப்பில் தொடங்குவது வசதி. ஷேர், சேப் போன்ற சொற்களின் ஒலியை மாற்றிக் கற்க வேண்டியிருக்காது. நான்கு புதிய எழுத்தோடு சேர்த்து எழுத்துமுறைதான் முதல் தடை. அதைத் தாண்டினால் வினைமுற்றில் 'நான், நீ, அவர்' என்று விகுதி மாறுவது நமக்குப் பழகிய விஷயமே.